கொலராடோ மலைக்காட்டில் முதல் எல்க் வேட்டை: நண்பர்கள் குழு திட்டமிடுவது எப்படி

எல்க் என்பது வட அமெரிக்காவின் பெரிய மான். முதன்முறை அதன் வேட்டைக்குக் கிளம்பும் குழு துப்பாக்கியைப் பற்றி மாதக்கணக்கில் பேசும், அதில் குறிபார்க்கும் ஸ்கோப்பைப் பற்றிச் சண்டையே போடும். ஆனால் 320 கிலோ எடையுள்ள ஒரு ஆண் எல்க் சாலையிலிருந்து 5 மைல் தள்ளி, 10,000 அடி உயரத்தில், விழுந்த மரங்களுக்கு நடுவே மாலை ஆறு மணிக்குச் சாய்ந்தால் அதை எப்படிக் கீழே கொண்டுவருவது என்ற கேள்வி பெரும்பாலும் அந்த மாலையில்தான் முதன்முதலாக எழும். அதனால் இந்தத் திட்டத்தைப் பின்னாலிருந்து போட வேண்டும். இறைச்சியைச் சுமப்பதில் தொடங்கி, அங்கிருந்து இடம், ஆட்கள், நாட்கள், லைசென்ஸ் என்று வாருங்கள்.

சுமையின் கணக்கு

முழு வளர்ச்சி அடைந்த ஆண் எல்க்கின் பின்னங்கால் ஒன்று எலும்போடு 25 முதல் 32 கிலோ, முன்னங்கால் 16 முதல் 22 கிலோ வரும். முதுகுச் சதை, உள் முதுகுச் சதை, கழுத்து, விலாவுக்கு இடைப்பட்ட சதை எல்லாம் சேர்ந்து இன்னொரு 20 முதல் 30 கிலோ. கொம்போடு தலை வேண்டுமென்றால் 12 முதல் 18 கிலோ கூடும். எலும்பை எடுத்துவிட்டால் சுத்த இறைச்சி 80 முதல் 100 கிலோ நிற்கும். பெண் எல்க் 225 கிலோ எடை. அதில் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு குறையும்.

பழகாத ஒருவர் பாதையில்லாத மலையில் 27 முதல் 30 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது. முழங்கால் போவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். ஆக, எலும்பு நீக்கிய ஒரு ஆண் எல்க் என்பது மூன்று அல்லது நான்கு சுமை. நான்கு பேர் இருந்தால் ஒரே நடையில் முடியும். இரண்டு பேர் என்றால் இரண்டு நடை. தனியாள் என்றால் இரண்டு முழு நாள் போய்விடும். 3 மைல் தூரத்துக்குச் சுமையோடு மூன்று மணி நேரம், திரும்பி ஏற இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். வண்டு அரித்துச் செத்த மரங்கள் சாய்ந்து கிடக்கும் காடு என்றால் ஒரு மைலுக்கே இரண்டு மணி நேரம் ஆகும். கொலராடோவில் அப்படிப்பட்ட காடு நிறைய உண்டு.

இந்தக் கணக்கிலிருந்து முதல் விதி பிறக்கிறது: முதல் வருடம் வண்டியிலிருந்து 3 மைலுக்கு அப்பால் சுடாதீர்கள். ஆழமாகப் போனால்தான் எல்க் கிடைக்கும் என்பது பாதி உண்மை. சாலையை ஒட்டி முக்கால்வாசி வேட்டைக்காரர்கள் குவிவதால், ஒன்றரை முதல் இரண்டரை மைல் தூரத்தில், யாரும் இறங்கி ஏற விரும்பாத ஒரு செங்குத்துப் பள்ளம் போதும்.

எந்த மாநிலம், எந்தப் பருவம்

உலகில் எல்க் அதிகம் வாழும் மாநிலம் கொலராடோ. ஏறத்தாழ 2,80,000 இருக்கும். தேசியக் காடுகளும் கூட்டாட்சி அரசின் பொது நிலமும் பரந்து கிடக்கின்றன. வழிகாட்டி இல்லாமல் போகலாம். வயோமிங்கில் அப்படியல்ல. அங்கே கூட்டாட்சி வில்டர்னஸ் பகுதிக்குள் (இயற்கையாகவே இருக்கும்படி சட்டம் காக்கும் காடு) வெளிமாநிலத்தவர் பெரிய விலங்கு வேட்டையாட, உரிமம் பெற்ற வழிகாட்டியோ அதற்கென அனுமதி பெற்ற உள்ளூர்வாசியோ கூடவே இருக்க வேண்டும். முதல் பயணத்துக்குக் கொலராடோவைச் சொல்வதற்கு இவைதான் காரணம்.

வில் வேட்டை செப்டம்பர் முழுவதும் நடக்கும். அது எல்க்கின் இணைசேரும் காலம், ஆண்கள் கத்தும், அழைத்தால் வரும். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 40 கஜத்துக்குள் நெருங்க வேண்டும், பகல் வெயிலில் இறைச்சி கெடும் வேகமும் அதிகம். புதியவர்களுக்குத் துப்பாக்கிப் பருவமே நல்லது. அது அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் வரை நான்கு தவணையாக வரும். முதல் தவணை ஐந்தே நாள், லைசென்ஸ் குலுக்கலில் கிடைத்தால்தான் உண்டு, ஆள் கூட்டம் குறைவு, எல்க் இன்னும் மிரண்டிருக்காது. இரண்டாவதும் மூன்றாவதும் நீளமானவை, பல யூனிட்களில் (வேட்டைப் பகுதிகளில்) ஆண் எல்க்குக்கான டேக், அதாவது லைசென்ஸோடு வந்து சுட்ட விலங்கில் கட்ட வேண்டிய சீட்டு, நேரடியாகக் கடையிலேயே விற்றுவந்தவை. அதனால் கூட்டமும் அங்கேதான். நண்பர்கள் நான்கு பேருக்கு முதல் தவணையைக் குறிவைப்பதே எங்கள் சிபாரிசு. குலுக்கலில் கிடைக்காதவருக்கு வருடா வருடம் முன்னுரிமைப் புள்ளி சேரும். புள்ளியே இல்லாமலோ ஒன்றிரண்டு புள்ளியோடோ கிடைக்கும் யூனிட்கள் உண்டு. கிடைக்காவிட்டால் இரண்டாவது தவணை இருக்கவே இருக்கிறது.

விதிகள் வருடா வருடம் மாறும். வெளிமாநிலத்தவர் வில் வேட்டைக்குக் கடையில் டேக் வாங்கும் வசதி மேற்கு கொலராடோவில் 2025 முதல் நின்றுபோனது. கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை அந்தந்த வருடம் வெளியிடும் பெரிய விலங்கு வேட்டைக் கையேட்டைத்தான் நம்ப வேண்டும். யூடியூபில் மூன்று வருடம் முன் ஒருவர் சொன்னதை அல்ல.

காகித வேலை: ஜனவரியில் தொடங்குங்கள்

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர் எவரும் ஹன்டர் எஜுகேஷன் சான்றிதழ் இல்லாமல் கொலராடோவில் லைசென்ஸ் வாங்க முடியாது. வேறு மாநிலத்தில் பெற்றதும் செல்லும். வகுப்புகள் கோடையில் நிரம்பிவிடும், ஆகவே குளிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

குலுக்கலுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் செவ்வாய். விண்ணப்பிக்கும் முன் தகுதி லைசென்ஸ் ஒன்று வாங்க வேண்டும். சிறு விலங்கு வேட்டைக்கான வருட லைசென்ஸ் அதற்குப் போதும். நண்பர்கள் எல்லோரும் ஒரே குழுவாக விண்ணப்பியுங்கள். தனித்தனியாகப் போட்டால் இருவருக்குக் கிடைத்து இருவருக்குக் கிடைக்காமல் போகும். பயணம் அங்கேயே உடையும். ஒன்று மட்டும் கவனம்: குழுவில் யாருக்குப் புள்ளி மிகக் குறைவோ, அவருடைய புள்ளிதான் முழுக் குழுவுக்கும் கணக்கு. முதல் விருப்பத்தில் கிடைத்தால் புள்ளி பூஜ்யமாகும்.

வெளிமாநிலத்தவருக்கு எல்க் லைசென்ஸ் ஏறத்தாழ 800 டாலர். கொலராடோவில் தொடர்ந்து ஆறு மாதம் குடியிருந்தால் உள்ளூர்க் கட்டணம், அது மிகவும் குறைவு. வேலை மாறி டென்வருக்கு வந்த நண்பர் ஒருவர் குழுவில் இருந்தால் அவர் ஆறு மாதம் முடிந்ததா என்று நாள்காட்டியைப் பார்த்தே விண்ணப்பிக்கட்டும். பொய் சொல்லி மாட்டினால் வேட்டை உரிமையே பறிபோகும்.

இந்தியாவிலிருந்து வந்து எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இதைத் தவறாமல் படியுங்கள். கூட்டாட்சிச் சட்டப்படி நீங்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. அதற்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அதாவது சுடும் பயிற்சிக்கு நண்பரின் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். மார்ச் மாதமே வாங்கும் அந்தச் சிறு விலங்கு லைசென்ஸ் இதற்கும் உதவும். காலாவதித் தேதியைப் போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், துப்பாக்கிக் கடைக்காரரிடம் அல்ல. வில்லுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

மாநிலம் வேட்டை யூனிட்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். துறை வெளியிடும் அறுவடைக் கணக்கில் ஒவ்வொரு யூனிட்டிலும் எத்தனை பேர் போனார்கள், எத்தனை எல்க் விழுந்தது என்று இருக்கும். ஒரே ஒரு வருடத்தைப் பார்க்காதீர்கள், மூன்று வருடம் பாருங்கள். பனி சீக்கிரம் விழுந்த வருடத்தில் சராசரி யூனிட்டும் சொர்க்கமாகத் தெரியும். மாநில அளவில் வெற்றி விகிதம் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. கடையில் டேக் விற்கும் யூனிட்களில் பொது நிலத்தில் அதைவிடக் குறைவு. நான்கு பேர் போய் ஒரு எல்க் கிடைத்தால் அது நல்ல பயணம்.

வடமேற்கில் ஃப்ளாட் டாப்ஸ் வில்டர்னஸைச் சுற்றியுள்ள வைட் ரிவர் தேசியக் காடு பெரிய மந்தைக்குப் பெயர் போனது. கூட்டத்துக்கும்தான். தென்மேற்கில் சான் ஹுவான் காடும் வெமினூச் வில்டர்னஸும் செங்குத்தானவை, முதல் வருடத்துக்குக் கொஞ்சம் கடினம். எந்த இடமானாலும் வில்டர்னஸ் எல்லைக்குள் மோட்டாரும் கிடையாது, சக்கரமும் கிடையாது. இறைச்சியை இழுக்கும் இரு சக்கரத் தள்ளுவண்டிக்கும் தடை என்பதை வாசலில் போய்த் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. தள்ளுவண்டியை நம்பித் திட்டம் போடுகிறீர்கள் என்றால் வில்டர்னஸ் இல்லாத தேசியக் காட்டை எடுங்கள்.

வரைபடத்துக்கு ஆன்எக்ஸ் ஹன்ட், கோஹன்ட் போன்ற செயலிகள் நிலம் யாருடையது என்று காட்டும். மலையில் சிக்னல் இராது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி, விமான மோடில் திறந்து பார்த்துச் சரிபாருங்கள். தேட வேண்டியது இது: 9,000 முதல் 11,000 அடிக்குள், வடக்கு நோக்கிய சரிவில் அடர்ந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு. பகலில் எல்க் படுப்பது அங்கேதான். அதிலிருந்து அரை மைலுக்குள் புல்வெளி, பக்கத்தில் ஊற்றோ ஓடையோ. இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் இடங்களில் குறைந்தது ஐந்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் யாராவது கூடாரம் போட்டிருப்பார்கள், இரண்டாவதில் தடமே இராது. ஐந்தில் மூன்று இப்படியே போகும்.

ஜூலையிலோ ஆகஸ்டிலோ ஒரு வார இறுதி நேரில் போய்ப் பாருங்கள். எல்க்கைப் பார்ப்பதற்காக அல்ல, அவை அப்போது மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே எங்கோ மேயும். பாதை திறந்திருக்கிறதா, சரிவு காலுக்கு எப்படி இருக்கிறது, தண்ணீர் அக்டோபரில் மிஞ்சுமா என்று பார்க்க. யூனிட்டுக்குப் பொறுப்பான வனவிலங்கு அதிகாரிக்கு ஜூனில் போன் செய்தால் பொறுமையாகப் பேசுவார். "எல்க் எங்கே இருக்கும்?" என்று கேட்காமல், "இந்த இரண்டு பள்ளத்தாக்கில் அக்டோபர் நடுவில் எதில் கூட்டம் குறைவு?" என்று கேளுங்கள்.

குழு பேசி முடிக்க வேண்டியவை

மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஆறு பேரானால் ஒரு மலையை ஒரே நாளில் கலைத்துவிடலாம். கிளம்புவதற்கு முன் எழுதி வைக்க வேண்டியவை:

முதலாவது, இறைச்சிப் பங்கு. யார் சுட்டாலும் சமமாகப் பிரிப்பது என்று வைத்தால் சுமக்கும்போது யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் சுடுவது மட்டும் அவரவர் டேக்குக்குத்தான். ஒருவர் இன்னொருவருக்காகச் சுட்டு அவர் டேக்கைக் கட்டுவது கொலராடோவில் குற்றம். பங்கு பிரித்து எடுத்துப் போகும்போது சுட்டவர் பெயர், லைசென்ஸ் எண், தேதி, கையெழுத்து உள்ள சீட்டு இறைச்சியோடு இருக்கட்டும்.

இரண்டாவது, முதல் எல்க் விழுந்ததும் மற்றவர்கள் வேட்டையை நிறுத்தித் தூக்க வருவதா, தொடர்வதா? நிறுத்துவதே நல்லது. ஒரே காலையில் இரண்டு ஆண் எல்க் விழுந்தால் எட்டுச் சுமை. நாள் வெப்பமானால் ஒன்று கெட்டுப்போகும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விடுவது சட்டப்படியும் குற்றம்.

மூன்றாவது, இரண்டு இரண்டு பேராகப் போவது, இரவு எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் தேடத் தொடங்குவது. ஜோடிக்கு ஒன்றாகச் செயற்கைக்கோள் செய்திக் கருவி வேண்டும். கார்மின் இன்ரீச் போன்றவற்றுக்கு மாதச் சந்தா உண்டு. கிளம்பும் வாரமே வாங்கிப் பெட்டியைத் திறக்காமல் கொண்டுபோகாதீர்கள். வீட்டு வாசலில் நின்று ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள்.

நாள் கணக்கு: ஐந்து நாள் பருவத்துக்கு ஒன்பது நாள் விடுப்பு. முன்னால் இரண்டு, உயரத்துக்குப் பழகவும் இடம் பார்க்கவும். பின்னால் இரண்டு, கடைசி நாள் விழுந்தால் இறக்கிக் கொண்டுவர. பின்னால் நாள் விடாமல் திங்கள் காலை அலுவலகக் கூட்டம் வைத்திருப்பவர் ஞாயிறு மாலை சுடக் கூடாது.

உடம்பும் உயரமும்

ஹியூஸ்டனிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ நேரே வந்து அன்றிரவே 10,000 அடியில் படுத்தால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வருவது சகஜம். முதல் இரவை 5,000 முதல் 7,000 அடியில் உள்ள ஊரில் கழியுங்கள். இரண்டாம் இரவை வண்டி நிற்கும் இடத்தில் கழித்து, பிறகு மேலே போங்கள். மது வேண்டாம். அசிட்டஸோலமைட் மாத்திரை பற்றி மருத்துவரிடம் முன்பே பேசுங்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் நிற்காவிட்டாலோ, நடை தள்ளாடினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரவானாலும் உடனே கீழே இறக்குங்கள். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோர்ப்பதன் அறிகுறி அது.

பயிற்சிக்கு ஜிம் கட்டாயமில்லை. மே மாதம் 10 கிலோ பையோடு வாரம் மூன்று முறை படியேறுங்கள். ஆகஸ்டில் 20 கிலோ, செப்டம்பரில் ஒன்றிரண்டு முறை 28 கிலோ. வேட்டைக்குப் போடப் போகும் அதே பூட்ஸ், அதே பை. அரிசி மூட்டை நல்ல பயிற்சிச் சுமை, இறைச்சியைப் போலவே அதுவும் தொய்ந்து ஒரு பக்கம் சாயும்.

சுடும் பயிற்சி மேசையில் உட்கார்ந்து மட்டும் செய்தால் மலையில் உதவாது. முழங்காலிட்டு, பையின் மேல் துப்பாக்கியை வைத்து, ஓடி வந்து மூச்சு வாங்க என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். 8 அங்குல இரும்புத் தட்டில் பத்துக்குப் பத்து படும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. பலருக்கு அது 250 கஜம்தான், அது போதும். எல்க்குக்குக் கொலராடோவில் குறைந்தபட்சம் .24 காலிபர், 85 கிரெய்ன் விரியும் தோட்டா வேண்டும். நடைமுறையில் .270, .308, .30-06, 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் எதுவும் சரி. புதிதாக மேக்னம் வாங்கி அதன் உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுவதைவிட, பழகிய .308 மேல். மலையடிவாரம் வந்ததும் ஸ்கோப் காட்டும் இடத்தில்தான் தோட்டா படுகிறதா என்று மறுபடி சரிபாருங்கள். விமானத்தில் வந்த ஸ்கோப்பை நம்பாதீர்கள்.

பையில் என்ன

வீட்டிலிருந்து கிளம்பும்போது தண்ணீர், துப்பாக்கி இல்லாமல் பை 20 கிலோவுக்குள் அடங்க வேண்டும். பை 80 முதல் 100 லிட்டர், உள்ளே உறுதியான சட்டகமும், சட்டகத்துக்கும் பைக்கும் நடுவே இறைச்சி வைக்கும் இடமும் உள்ளது. மலையேற்றப் பையில் 30 கிலோ ஈர இறைச்சியை வைத்தால் அது இடுப்பில் தொங்கி முதுகை முறிக்கும்.

தூக்கப் பை மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கானது. படுக்கை விரிப்பு குளிரைத் தடுக்கும் அளவான ஆர் மதிப்பு 5க்குக் குறையக் கூடாது. குளிர் கீழிருந்துதான் ஏறும். கூடாரம் பனிச் சுமை தாங்க வேண்டும். சிறு விறகடுப்பு வைக்கும் தரையில்லாக் கூடாரம் ஈர உடையைக் காய வைக்க வரப்பிரசாதம், ஆனால் தீத்தடை அமலில் இருக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூடாரம் போடுமுன் தலைக்கு மேலே பாருங்கள். செத்து நிற்கும் மரத்துக்கு அதன் உயர அளவு தள்ளியே படுக்க வேண்டும். தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளியும்.

உடையில் பருத்தி ஒன்றுகூட வேண்டாம். மெரினோ கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ், நிற்கும்போது போட இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், மேலே மழைக் கோட். துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு, தலையில் அதே நிறத் தொப்பி. காடு நிற வடிவம் கலந்த ஆரஞ்சு செல்லாது.

தண்ணீர் வடிகட்டியில் உள்ள நுண்குழாய்கள் ஒருமுறை உறைந்தால் வெடித்துவிடும், வெளியே தெரியாது. இரவில் அதைத் தூக்கப் பைக்குள் வையுங்கள், மாற்றாகக் குளோரின் டையாக்சைடு மாத்திரை எடுங்கள். எரிவாயுக் குப்பியில் சாதா பியூட்டேன் உறைநிலையிலேயே ஆவியாகாமல் நின்றுவிடும். ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலவையைக் கேட்டு வாங்குங்கள், காலையில் குப்பியைக் கொஞ்ச நேரம் ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சூடாக்குங்கள்.

சாப்பாடு ஆளுக்கு நாளொன்றுக்கு 3,000 முதல் 3,500 கலோரி, எடை 700 முதல் 900 கிராம். உயரத்தில் பசி மங்கும், பிடிக்காததைத் தொடவே மாட்டீர்கள். கடலை மிட்டாய், நெய்யில் வறுத்த ரவை உப்புமாக் கலவை, புளிக்காய்ச்சல், முந்திரி எல்லாம் கடையில் விற்கும் உலர் உணவுப் பொட்டலங்களுக்குச் சளைத்தவை அல்ல, விலையும் கால்வாசி. அரிசி மட்டும் வேண்டாம், 10,000 அடியில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதிக்கும், வெந்து முடியுமுன் எரிவாயு தீரும். அவல் கொண்டுபோங்கள்.

அறுக்கும் பை தனியாக, எப்போதும் முதுகில்: காற்றுப் புகும் இறைச்சிப் பை 5, மாற்றுப் பிளேடு கத்தி ஒன்று, பிளேடு 6, கனமான மடங்காத கத்தி ஒன்று, மெல்லிய கயிறு 15 மீட்டர், ரப்பர் கையுறை 4 ஜோடி, இரண்டு மீட்டர் லேசான பிளாஸ்டிக் விரிப்பு, டேக்கைக் கட்ட நூலும் டேப்பும், தலை விளக்கு இரண்டு. கூடவே ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை. இருட்டில், குளிரில் விறைத்த விரலோடு அறுக்கும்போது கையைக் கிழித்துக்கொள்வது இந்த வேட்டையில் எளிதில் நேரும் காயம்.

மலையில்

எல்க்கின் கண்ணை ஏமாற்றலாம், காதைச் சமாளிக்கலாம், மூக்கை ஒன்றும் செய்ய முடியாது. விடியற்காலை குளிர்ந்த காற்று சரிவில் கீழே வழியும். வெயில் பட்டுச் சரிவு சூடானதும், ஒன்பது பத்து மணி வாக்கில், திரும்பி மேலே ஏறும். மாலை நிழல் விழுந்ததும் மறுபடி இறங்கும். ஆகவே காலையில் கீழேயிருந்து மேலே நெருங்குங்கள், திசை மாறும் முன் எல்க்குக்கு மேலே போய்விடுங்கள். பொடி ஊதும் சிறு புட்டியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். காற்று தவறாக வீசினால் அன்று அந்தப் பள்ளத்தை விட்டுவிடுங்கள். மோப்பம் பிடித்த மந்தை அரை மைல் ஓடி நிற்காது, அடுத்த பள்ளத்தாக்குக்கே போய்விடும்.

விடியும் முன் புல்வெளியைப் பார்க்கும் மேட்டில் உட்கார்ந்து 10x42 பைனாகுலரை முக்காலியில் பொருத்தித் தேடுங்கள். முழு எல்க்கைத் தேடாதீர்கள். மரத்திடையே ஒரு வெளிறிய பின்புறம், படுக்கைவசமான ஒரு கோடு, அசையும் காது, இதுதான் கிடைக்கும். இணைசேரும் காலம் முடிந்த ஆண்கள் களைத்து, மந்தையை விட்டுத் தனியாக, புல்லும் தண்ணீரும் அருகிலுள்ள இருண்ட மூலையில் ஒதுங்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகு புல்வெளிகள் காலியாகும். அப்போது அடர்காட்டுக்குள் மணிக்கு அரை மைல் வேகத்தில் நடந்து தேடத் துணிய வேண்டும். பெரும்பாலானோர் இந்தக் கட்டத்தில்தான் முகாமில் உட்கார்ந்து தேநீர் போடத் தொடங்குவார்கள்.

சுடுமுன் மூன்று கேள்வி. இது எல்க்தானா? மூஸ் என்ற வேறொரு பெரிய மான் கறுப்பாக, பருத்த மூக்கோடு, வெளிறிய பின்புறம் இல்லாமல் இருக்கும். தவறுதலாக மூஸைச் சுட்டுத் தண்டம் கட்டுபவர்கள் கொலராடோவில் உண்டு. சட்டப்படியான ஆணா? பல யூனிட்களில் ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளை அல்லது குறைந்தது 5 அங்குல நெற்றிக் கிளை இருக்க வேண்டும். எண்ண முடியாவிட்டால் சுடாதீர்கள். பின்னால் என்ன இருக்கிறது? மந்தையில் இன்னொரு எல்க் அதே கோட்டில் நின்றால் ஒரு தோட்டா இரண்டையும் துளைக்கும்.

பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு முடியும் உயரத்தில் குறிவையுங்கள். எல்க் தோட்டாவை வாங்கிக்கொண்டு அசையாமலே நிற்கும், படவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது விழும்வரை மறுபடி சுடுங்கள். அது நின்ற இடத்தை வரைபடத்தில் குறித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். வயிற்றில் பட்டதாகத் தெரிந்தால் பல மணி நேரம்.

விழுந்த பிறகு

முதல் வேலை டேக். கையெழுத்து, தேதி போட்டுக் கிழித்துக் கட்டுங்கள். அதற்கு முன் எப்போதும் கிழிக்காதீர்கள், முன்பே கிழிந்த டேக் செல்லாது.

வயிற்றைத் திறக்காமல் அறுக்கும் முறை மலைக்கு ஏற்றது. விலங்கைப் பக்கவாட்டில் கிடத்தி, கால்களை மரத்தோடு கயிற்றால் கட்டுங்கள், சரிவில் அது உருளும். வாலடியிலிருந்து கழுத்துவரை முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கீறி, வயிற்றுப் பக்கமாக உரியுங்கள். முன்னங்காலுக்கு மூட்டு கிடையாது, தசையில்தான் ஒட்டியிருக்கிறது. தூக்கிப் பிடித்து உள்பக்கமாக அறுத்தால் வந்துவிடும். பின்னங்காலில் இடுப்பெலும்பை ஒட்டி அறுத்துப் பந்துக் கிண்ண மூட்டின் நாணை வெட்டுங்கள். முதுகுச் சதையை முதுகெலும்போடு ஒட்டி நீளமாக எடுங்கள், பிறகு கழுத்து, விலாச் சதை. உள் முதுகுச் சதைக்குக் கடைசி விலாவுக்குப் பின்னால் சிறிதாகத் திறந்து, குடலைக் கையால் அமுக்கிக்கொண்டு உருவ வேண்டும். பிறகு புரட்டி மறுபக்கம். இருவர் செய்தால் முதன்முறை மூன்று மணி நேரம் ஆகும். ஆண் என்பதற்கான சான்று ஏதாவது ஒரு துண்டில் இயல்பாக ஒட்டியபடியே இருக்க வேண்டும் என்பது சட்டம், அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

இறைச்சி கெடுவது வெளியிலிருந்து அல்ல, பின்னங்காலின் உள்ளே எலும்பை ஒட்டி. அங்கே உடல் சூடு மணிக்கணக்கில் தங்கும். அதனால் தோலை உடனே எடுங்கள், பின்னங்காலை எலும்புவரை கீறிவிடுங்கள் அல்லது எலும்பையே எடுங்கள். வடக்குப் பக்க நிழலில், காற்றாட, ஒன்றோடொன்று தொடாமல் தொங்கவிடுங்கள். குவித்து வைத்தால் குளிர் இரவிலும் நடுவில் புளிக்கும். கொலராடோவில் பழுப்பு நிறத்தில் இருந்தாலும் கறுப்பு நிறத்தில் இருந்தாலும் கரடிகள் எல்லாமே ஒரே கறுப்புக் கரடி இனம்தான். ஆனால் இறைச்சி வாசத்துக்கு வரும். குடல் கிடக்கும் இடத்திலிருந்து 100 மீட்டராவது தள்ளி, தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய இடத்தில் தொங்கவிட்டால், மறுநாள் சுமைக்குத் திரும்பும்போது சத்தம் போட்டுக்கொண்டே நெருங்கலாம்.

முதல் நடையில் எடுக்க வேண்டியது பின்னங்கால்களும் முதுகுச் சதையும். கொம்பு கடைசி. இதில் ஆசைப்பட்டுக் கொம்பை முதலில் தூக்குபவர்களை நண்பர்கள் வருடக்கணக்கில் கேலி செய்வார்கள், நியாயம்தான். கைத்தடி இரண்டும் கட்டாயம். சுமக்க முடியாது என்று தோன்றினால் குதிரையில் இறக்கித் தரும் உரிமம் பெற்றவர்கள் உண்டு, கட்டணம் சில நூறு டாலர். அவர்கள் எண்ணைச் செப்டம்பரிலேயே வாங்கி, அந்த வாரம் அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று கேட்டு வையுங்கள்.

வீடு வரை

வண்டியில் எல்க் ஒன்றுக்கு 100 லிட்டர் குளிர்ப்பெட்டி இரண்டு. ஐஸ் உருகிய தண்ணீரில் இறைச்சி ஊறக் கூடாது, உறைந்த தண்ணீர் பாட்டில்கள் நல்லது. உலர் ஐஸ் வைத்தால் அட்டையில் சுற்றி, வண்டி ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள், அதன் வாயு மூடிய வண்டியில் மூச்சடைக்கும். நான்கு சக்கரத்துக்கும் சங்கிலி, மண்வெட்டி, நிறைந்த டேங்க். அக்டோபர் பனி ஒரே இரவில் காட்டுச் சாலையை மூடும்.

விமானத்தில் போவதென்றால் துப்பாக்கி தோட்டா நீக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுன்டரில் அறிவித்து, சரக்குப் பெட்டியாக மட்டுமே. எரிவாயுக் குப்பியும் கரடி ஸ்பிரேயும் எதிலும் ஏற்றக் கூடாது, போகும் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மான் இனங்களைத் தாக்கும் சிடபிள்யூடி என்ற மூளை நோய் கொலராடோவில் உண்டு. மனிதருக்குத் தொற்றியதாக உறுதிப்படவில்லை, ஆனால் நோயுள்ள விலங்கின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. துறை சில யூனிட்களில் தலை மாதிரியைக் கட்டாயமாகக் கேட்கும். மற்ற இடங்களில் நீங்களே கொடுக்கலாம். மூளை, முதுகெலும்பு உள்ள பாகங்களை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பல மாநிலங்கள் தடை விதித்திருக்கின்றன. எலும்பு நீக்கிய இறைச்சிக்கும், சுத்தம் செய்த மண்டை ஓட்டுத் தகட்டோடு கொம்புக்கும் பொதுவாகச் சிக்கல் இல்லை. கடந்து போகும் ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் பாருங்கள்.

பரிசோதனை முடிவு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை எதையும் சமைக்காதீர்கள். இரண்டு எல்க் கிடைத்திருந்தால் இறைச்சியைக் கலந்து அரைக்காமல், ஒவ்வொரு பொட்டலத்திலும் தேதி, எந்த விலங்கு, எந்தப் பாகம் என்று எழுதி உறைவியுங்கள். வெட்டிக் கொடுக்கும் கடையில் தந்தால், உங்கள் விலங்கைத் தனியாக அரைப்பார்களா என்று முன்பே கேளுங்கள், பல கடைகள் நிபந்தனை சொல்லாவிட்டால் எல்லோருடையதையும் சேர்த்தே அரைக்கும்.